தெரிந்தும் எழுதாத செய்தி: சைக்கிள் பந்தயமும் ஊக்கமருந்தும் பத்திரிகைகளும்

2012 அக்டோபரில், ஊக்கமருந்து எடுத்ததற்காக அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்டபோது, சைக்கிள் பந்தயத்தை அவ்வளவாகக் கவனிக்காதவர்கள்கூட ஒரு கேள்வியைக் கேட்டார்கள். வருஷா வருஷம் மூன்று வாரம் அந்தப் பந்தயத்தின் பின்னாலேயே காரில் போன நூற்றுக்கணக்கான நிருபர்களுக்கு இது தெரியாமலா இருந்தது? பலருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவர்களுக்குச் சந்தேகமாவது இருந்தது. ஆகவே கேட்க வேண்டியது, தெரிந்ததை ஏன் எழுதவில்லை என்பதைத்தான்.

பயந்துவிட்டார்கள், விலை போய்விட்டார்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் விஷயம் அதைவிடப் பழையது. இந்த விளையாட்டில் பத்திரிகை, ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வந்த ஆள் கிடையாது. பந்தயத்தைப் பெற்றெடுத்ததே பத்திரிகைதான்.

1900களின் தொடக்கத்தில் பாரிஸிலிருந்து வந்துகொண்டிருந்த லோட்டோ என்ற விளையாட்டு நாளிதழுக்கு விற்பனை மந்தம். பச்சைத் தாளில் அச்சான லெ வேலோ என்ற போட்டிப் பத்திரிகையை வீழ்த்த ஏதாவது செய்தாக வேண்டும். ஆசிரியர் ஆன்ரி டெக்ராஞ்சிடம் அங்கே வேலை பார்த்த ஜியோ லெஃபெவ்ர் என்ற இளைஞர் சொன்ன யோசனைதான், பிரான்ஸ் நாட்டையே ஒரு சுற்று சுற்றிவரும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ். 1903இல் நடந்த முதல் பந்தயம் முடிவதற்குள் லோட்டோவின் விற்பனை சுமார் 25,000 பிரதிகளிலிருந்து 65,000 ஆக ஏறிவிட்டது என்பார்கள். முன்னணி வீரர் போடும் மஞ்சள் சட்டைகூட, லோட்டோ மஞ்சள் தாளில் அச்சானதால் வந்தது என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். இத்தாலியின் ஜீரோ பந்தயத்தை 1909இல் ஆரம்பித்தது லா கசெட்டா டெல்லோ ஸ்போர்ட். அந்தப் பத்திரிகையின் தாள் இளஞ்சிவப்பு, அங்கே முன்னணி வீரரின் சட்டையும் இளஞ்சிவப்பு. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பந்தயம், ஸ்பெயினின் வுவெல்டா என்று எதை எடுத்தாலும் தொடக்கத்தில் ஒரு பத்திரிகை அலுவலகம் இருக்கும்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. லோட்டோவின் வாரிசாக 1946இல் வந்த லெகிப் நாளிதழும், டூர் டி பிரான்ஸை நடத்தும் ஏ.எஸ்.ஓ. நிறுவனமும் இன்றும் ஒரே அமோரி குழுமத்தின் கையில்தான் இருக்கின்றன. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பந்தய இயக்குநராக இருந்த ழான்-மரி லெப்லாங், அதற்கு முன் லெகிப்பில் சைக்கிள் பிரிவின் தலைவர். அவருக்குப் பின் வந்த கிறிஸ்தியான் புருதோம் தொலைக்காட்சி நிருபர். ஒரு நாளிதழே ஐபிஎல்லை நடத்தி, அதே நாளிதழே சூதாட்டப் புகாரையும் விசாரித்து எழுத வேண்டும் என்றால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

அதனால்தானோ என்னவோ, இந்த விளையாட்டின் பெரிய ஊக்கமருந்துச் செய்திகள் பெரும்பாலும் வெளியாட்களிடமிருந்தே வந்திருக்கின்றன. முதல் உதாரணம் 1924. அல்பேர் லோந்தர் அப்போது பிரான்சின் புகழ்பெற்ற நிருபர். முந்தைய ஆண்டுதான் பிரெஞ்சு கயானாவின் கைதிகள் குடியிருப்பைப் பற்றி எழுதி நாட்டையே உலுக்கியிருந்தார். சைக்கிள் பந்தயம் அவருடைய துறை இல்லை. லெ பெத்தி பரிசியன் பத்திரிகைக்காக டூரைப் பின்தொடர்ந்தவர், செர்பூர் நகரிலிருந்து பிரெஸ்ட் போகும் கட்டத்தில், முந்தைய ஆண்டின் வெற்றியாளர் ஆன்ரி பெலிசியே, தம்பி ஃபிரான்சிஸ், அணித் தோழர் மோரிஸ் வில் ஆகிய மூவரும் விலகிவிட்டதாகக் கேள்விப்பட்டு, கூத்தான்ஸ் ஊர் ரயில் நிலையத்தருகே ஒரு காப்பிக் கடையில் அவர்களைப் பிடித்தார். சண்டை சட்டையைப் பற்றியது. காலைக் குளிருக்கு இரண்டு சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர், வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றி எறியக் கூடாது என்பது டெக்ராஞ்சின் விதி. எத்தனை சட்டை இருக்கிறது என்று ஓர் அதிகாரி கையால் தூக்கிப் பார்த்திருக்கிறார். ஆன்ரிக்கு அது பொறுக்கவில்லை.

பேச்சோடு பேச்சாக ஆன்ரி பையைத் திறந்து காட்டினார். கண்ணுக்குக் கொக்கெய்ன், ஈறுக்குக் குளோரோஃபார்ம், அப்புறம் மூன்று டப்பா மாத்திரை. நாங்கள் ஓடுவது டைனமைட்டில் என்று ஃபிரான்சிஸ் சொன்னதாக லோந்தர் எழுதினார். மறுநாள் அது பத்திரிகையில் வந்தது. பந்தயத்தை நடத்திய லோட்டோவில் இப்படி ஒரு வரி வந்திருக்கும் என்று நினைக்கவே முடியாது.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. லோந்தருக்கு சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது, நாங்கள் அவரிடம் கொஞ்சம் கதை விட்டோம் என்று பின்னாளில் ஃபிரான்சிஸ் சொன்னார். இருக்கலாம். விஷயம் தெரியாதவரை ஏமாற்றுவது சுலபம்தான். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் கேட்காத கேள்வியைக் கேட்டதும் அவர்தான். இந்த இரண்டும் அடுத்த 90 ஆண்டுகளுக்குச் சேர்ந்தே வரும்.

1967 ஜூலை 13. டூரின் வான்தூ மலையேற்றத்தில், கொளுத்தும் வெயிலில், இங்கிலாந்து வீரர் டாம் சிம்ப்சன் சைக்கிளிலிருந்து சரிந்து இறந்துபோனார். "என்னைத் திரும்ப சைக்கிளில் ஏற்றுங்கள்" என்பது அவருடைய கடைசி வார்த்தை என்று உலகமே நம்பியது. அந்த வரியை எழுதிய நிருபர் அந்த இடத்திலேயே இல்லை. பக்கத்தில் இருந்த மெக்கானிக்குக் காதில் விழுந்தது "போ, போ" என்பது போன்ற முனகல்தான். பத்திரிகைக்கு ஒரு தியாகி தேவைப்பட்டார், அதற்கு ஏற்ற வசனமும் கிடைத்துவிட்டது. அவர் உடலில் களைப்பை மறைக்கும் ஊக்கமருந்தான ஆம்ஃபெட்டமின் இருந்தது என்ற செய்தியை அதே மாதக் கடைசியில் டெய்லி மெயிலில் ஜே.எல். மேனிங் எழுதினார். வீரர்களிடையே அது புதுச் செய்தியே இல்லை. ஐந்து முறை டூர் வென்ற ஜாக் அங்கெத்தில், வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு இந்தப் பந்தயங்களை ஓட முடியுமா என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

ஆம்ஃபெட்டமின் காலம் வரைக்கும் இதை ஒரு குறும்பு போலப் பார்த்து நிருபர்கள் கண்டும் காணாமல் போனதைக் கொஞ்சம் புரிந்துகொள்ளலாம். 1990களில் வந்த ஈபிஓ வேறு ரகம். சிவப்பணுக்களைப் பெருக்க உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோனை, சிறுநீரக நோயாளிகளுக்காக மருந்தாகத் தயாரித்தார்கள். அதை ஊசியாகப் போட்டுக்கொண்டால் ரத்தம் அதிக ஆக்சிஜனைச் சுமக்கும், மலையேற்றத்தில் ஆளே மாறிப்போவார். ரத்தம் கெட்டியாகிப்போகும் ஆபத்தும் உண்டு. 2000 வாக்கில்தான் இதைக் கண்டுபிடிக்கும் சிறுநீர்ச் சோதனை வந்தது. அதுவரை சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ செய்தது, 1997இல் ஒரு வரம்பு போட்டதுதான். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் 15 நாள் ஓட்டக் கூடாது. அதாவது 49.9 வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்!

1994இல் ஒரே இத்தாலிய அணியின் மூன்று பேர் ஒரு பெரிய பந்தயத்தில் முதல் மூன்று இடத்தையும் பிடித்தபோது, அணியின் மருத்துவர் மிக்கேலே ஃபெராரி நிருபர்களிடமே பேசினார். ஈபிஓ ஆபத்தில்லை, அளவுக்கு மீறினால்தான் ஆபத்து, பத்து லிட்டர் ஆரஞ்சுச் சாறு குடித்தாலும் ஆபத்துதானே என்கிற தோரணையில் பேச்சு. அணி அவரை வேலையை விட்டு அனுப்பியது. வீரர்கள் அவரைத் தேடிப் போவது நிற்கவில்லை. அவர் பெயர் மறுபடி வரும்.

ஒரு சைக்கிள் நிருபரின் அன்றாடத்தை நினைத்துப் பாருங்கள். பந்தயம் சுமார் 3,500 கிலோமீட்டர். ஒவ்வொரு மாலையும் வேறு ஊர், வேறு ஓட்டல். வீரர் ஓட்டலில் இரண்டு வார்த்தை பேசினால்தான் மறுநாள் பத்திரிகையில் ஏதாவது இருக்கும். அணி மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த வருஷ வேலையே போச்சு. மருந்தைப் பற்றி எழுதுகிறவனை, வீரர்கள் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனாகத்தான் பார்த்தார்கள். தானே வீரராக ஓடிவிட்டு, 1990இல் உள்ளே நடப்பதைப் புத்தகமாக எழுதிய அயர்லாந்தின் பால் கிம்மேஜுக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். பந்தயத்தை விட்டபின் அவர் பத்திரிகையாளர் ஆனார். வேறு எந்த வேலையும் அவருக்குப் பொருந்தியிருக்காது என்று தோன்றுகிறது.

1998இல் உண்மையை வெளியே கொண்டுவந்தது எந்த நிருபரும் இல்லை, சுங்கத் துறை. ஜூலை 8ஆம் தேதி காலை, பெல்ஜிய எல்லையில் ஒரு சிறிய சாலையில் ஃபெஸ்டினா அணியின் காரை நிறுத்தினார்கள். ஓட்டி வந்தவர் அணியின் மசாஜ்காரர் வில்லி வோட். உள்ளே 200க்கும் மேற்பட்ட ஈபிஓ ஊசிகள், வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன். சில நாளில் அணியே வெளியேற்றப்பட்டது. ஓட்டல் அறைகளில் போலீஸ் புகுந்தது, வீரர்கள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். பாரிஸ் வந்து சேர்ந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. நிருபர்கள் அவசர அவசரமாகக் குற்றவியல் நிருபர்களாக மாற வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் பத்திரிகைகளில் ஒரு பகுதியாவது அந்தக் கோடையில் நிஜமாகவே மாறியது.

அதனால் 1999இன் டூர் "புதுப்பிக்கப்பட்ட" டூராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். புற்றுநோயிலிருந்து மீண்டுவந்த ஒரு அமெரிக்கர் மஞ்சள் சட்டையோடு வந்து நின்றார். பத்திரிகைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பந்தயத்தின் வேகம் முந்தைய ஆண்டுகளைவிடக் குறையவில்லை, கூடியது. மருந்து இல்லாமல் ஓடுகிறார்கள் என்றால் இது எப்படி என்று பகிரங்கமாகக் கேட்டவர் ஒரு வீரர், கிறிஸ்தோஃப் பசோன். ஃபெஸ்டினா அணியில் இருந்தபோதே மருந்தைத் தொடாதவர் என்று விசாரணையில் மற்றவர்களே சாட்சி சொன்ன ஆள். லெ பரிசியன் நாளிதழில் தினமும் அவர் பெயரில் ஒரு பத்தி வந்துகொண்டிருந்தது. அந்தப் பத்திரிகையும் அப்போது அமோரி குழுமத்துடையதுதான் என்பது ஒரு வேடிக்கை.

ஆல்ப் துய்ஸ் மலைக்குப் போகும் கட்டத்தில் ஆம்ஸ்ட்ராங் அவர் பக்கத்தில் வந்து, நீ பேசுவது விளையாட்டுக்குக் கெடுதல், வீட்டுக்குப் போ என்றார். கூட்டத்தில் யாரும் பசோனோடு பேசவில்லை, சொந்த அணியினர்கூட. சில நாளில் அவர் தாக்குப்பிடிக்க முடியாமல் பந்தயத்தை விட்டே போய்விட்டார். பெரும்பாலான பத்திரிகைகளில் இது ஓர் ஓரச் செய்தி. எனக்கென்னவோ அந்தப் பந்தயத்தின் தலைப்புச் செய்தியே அதுதான் என்று படுகிறது. சந்தேகத்தை எழுத ஆதாரம் இல்லை என்று சொன்னவர்களுக்கு முன்னால், உண்மையைப் பேசியதற்காக ஒரு மனிதரை நட்டநடு சாலையில் விரட்டினார்கள். அதை எழுத எந்த ஆய்வக அறிக்கையும் தேவைப்பட்டிருக்காது.

அதே பந்தயத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் கார்டிகோஸ்டீராய்டு தடயம் இருந்ததை லெ மோந்த் வெளியிட்டது. அது பொது நாளிதழ், விளையாட்டுப் பத்திரிகை இல்லை. இருக்கைப் புண்ணுக்குப் போட்ட களிம்பு என்று ஒரு மருந்துச் சீட்டு காட்டப்பட்டது, யுசிஐ அதை ஏற்றுக்கொண்டது. விஷயம் முடிந்தது. அந்தச் சீட்டு பிறகு முன்தேதியிட்டு எழுதப்பட்டது என்று சொன்னவர், அணியில் மசாஜ் செய்த அயர்லாந்துப் பெண் எம்மா ஓ'ரெய்லி. ஆனால் அவர் அதைச் சொல்ல இன்னும் ஐந்து வருஷம் ஆனது.

சண்டே டைம்ஸின் டேவிட் வால்ஷ் இந்தக் கதையில் தவிர்க்க முடியாதவர். 1980களில் அவரும் வீரர்களைக் கொண்டாடி எழுதியவர்தான். 1999இல் மட்டும், தான் கைதட்டப் போவதில்லை என்று வாசகர்களிடம் சொன்னார். வாசகர்கள் திட்டிக் கடிதம் போட்டார்கள். 2001இல் அவர் ஆம்ஸ்ட்ராங்குக்கும் அந்த ஆரஞ்சுச் சாறு மருத்துவர் ஃபெராரிக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார். கட்டுரை வரப்போகிறது என்று தெரிந்ததும் ஆம்ஸ்ட்ராங் செய்ததைப் பாருங்கள். இத்தாலியின் கசெட்டாவுக்கு ஒரு பேட்டி கொடுத்து, ஒரு சாதனை முயற்சிக்காக ஃபெராரியோடு வேலை செய்கிறேன் என்று சாதாரணமாகத் தானே சொல்லிவிட்டார். மற்றவர் வெடிக்கவிருந்த வெடியை முன்கூட்டியே நனைத்துவிடும் வித்தை. அதற்கு ஒரு பத்திரிகையே உதவியது.

2004இல் வால்ஷும், லெகிப்பில் முன்பு இருந்த பியேர் பாலெஸ்தேவும் சேர்ந்து பிரெஞ்சில் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். அதன் உயிர் எம்மா ஓ'ரெய்லியின் வாக்குமூலம். அவர் சொன்னவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஊசித் தழும்பை மறைக்க ஆம்ஸ்ட்ராங் தன்னிடம் முகப்பூச்சு கேட்டது, காலி ஊசிகளைத் தூக்கிப்போடச் சொன்னது, ஸ்பெயினுக்கு நெடுந்தூரம் காரோட்டிப் போய் மாத்திரை வாங்கி வந்தது. இன்னொரு சாட்சி, முன்னாள் அணித் தோழரின் மனைவி பெட்சி ஆண்ட்ரூ. 1996இல் இண்டியானாபொலிஸ் மருத்துவமனை அறையில், ஆம்ஸ்ட்ராங் டாக்டர்களிடம் தான் எடுத்த மருந்துகளை வரிசையாகச் சொன்னதைக் காதால் கேட்டவர். வருஷக்கணக்கில் நிருபர்களுக்கு ஃபோன் போட்டு, ஆதாரங்களைத் திரட்டி, கிட்டத்தட்ட ஒரு செய்தி ஆசிரியரின் வேலையைத் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து அவர் செய்தார். இந்த இரண்டு பெண்களுக்கும் பந்தயத்தில் இழக்க எந்தப் பதவியும் இருக்கவில்லை, அதற்குக் கிடைத்த பரிசு குடிகாரி, பொறாமைக்காரி என்ற பட்டம்.

அந்த ஆண்டு டூரில் வால்ஷோடு ஒரே காரில் போவதாக இருந்த சக நிருபர்கள், நீ எங்களோடு வந்தால் ஆம்ஸ்ட்ராங்கின் அணி எங்களுக்குப் பேட்டி தராது என்று சொல்லி அவரை விட்டுவிட்டார்கள். வெட்கக்கேடான விஷயம். ஆனால் அந்த நிருபர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை, பிழைப்பு அப்படி.

புத்தகத்தின் சாரத்தை சண்டே டைம்ஸ் வெளியிட்டதும் அவதூறு வழக்கு வந்தது. இங்கிலாந்துச் சட்டத்தில் சொன்னது உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு பத்திரிகையுடையது. நாங்கள் கேள்விகளை எழுப்பினோம், அவ்வளவுதான் என்பது பத்திரிகையின் வாதம். கட்டுரையைப் படிக்கும் சாதாரண வாசகர் இவர் மருந்து எடுத்தார் என்றுதான் புரிந்துகொள்வார் என்று நீதிபதி முடிவு செய்துவிட்டார். அதாவது, சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது என்று காட்டினால் போதாது, மருந்து எடுத்ததையே நிரூபிக்க வேண்டும். 2006இல் பத்திரிகை 3 லட்சம் பவுண்டு கொடுத்து சமரசம் செய்துகொண்டது. வழக்குச் செலவோடு சேர்த்து சுமார் 10 லட்சம் பவுண்டு. அந்தத் தொகையின் கணக்கு லண்டனின் எல்லாச் செய்தி அறைகளிலும் மனப்பாடம் ஆகியிருக்கும். புத்தகத்தை ஆங்கிலத்தில் போட எந்தப் பதிப்பகமும் முன்வரவில்லை. பிரான்சில் தொடுத்த வழக்குகளை ஆம்ஸ்ட்ராங் சத்தமில்லாமல் கைவிட்டார். ஒரே உண்மை, ஒரு நாட்டில் புத்தகமாக விற்றது, இன்னொரு நாட்டில் அபராதம் கட்டியது.

அமெரிக்காவில் சட்டம் பத்திரிகைகளுக்குச் சாதகம். பிரபலங்கள் அவதூறு வழக்கில் ஜெயிப்பது கஷ்டம். ஆனாலும் அங்கே பெரிதாக எழுதவில்லை. ஆம்ஸ்ட்ராங்கின் புற்றுநோய் அறக்கட்டளையின் மஞ்சள் ரப்பர் கைவளையம் கோடிக்கணக்கில் விற்றது, புற்றுநோயாளிகளுக்கு அவர் நம்பிக்கை நட்சத்திரம். வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் சைக்கிளைப் பார்க்கும் விளையாட்டு எழுத்தாளருக்கு, பிரெஞ்சுக்காரர்களின் பொறாமை என்ற விளக்கமே போதுமானதாக இருந்தது. ஐந்நூறு சோதனையில் ஒன்றிலும் சிக்கவில்லையே என்று வீரர் சொல்ல, அதை அப்படியே அச்சடித்தார்கள். மேலே சொன்ன சோதனை வரலாற்றை இரண்டு வரியில் எழுதியிருந்தால் அந்த வாதம் அங்கேயே நொறுங்கியிருக்கும்.

2005 ஆகஸ்டு 23 அன்று லெகிப் முதல் பக்கத்தில் "ஆம்ஸ்ட்ராங் பொய்" என்று தலைப்புப் போட்டது. நிருபர் தமியேன் ரெசியோ இதைப் பிடித்த விதம் அழகு. 1999இன் பழைய சிறுநீர் மாதிரிகளை, சோதனை முறையை மேம்படுத்தும் ஆராய்ச்சிக்காகப் பாரிஸ் அருகே ஓர் ஆய்வகம் மறுபடி சோதித்திருந்தது. சிலவற்றில் ஈபிஓ. ஆனால் பாட்டில்களில் பெயர் கிடையாது, ஆறு இலக்க எண்தான். எண்ணுக்குரிய பெயர் வீரரின் சோதனைப் படிவத்தில் இருக்கும். ஆம்ஸ்ட்ராங் ஏதாவது மருந்துக்குச் சிறப்பு அனுமதி வாங்கியிருந்தாரா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி அந்தப் படிவங்களை யுசிஐயிடம் கேட்டார் ரெசியோ. மறைக்க ஒன்றுமில்லை என்று காட்ட ஆம்ஸ்ட்ராங்கே சம்மதம் கொடுத்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆறு மாதிரிகள் அவருடையவை.

பந்தயத்தை நடத்தும் குழுமத்தின் பத்திரிகையே இதைச் செய்தது என்பது பாராட்ட வேண்டிய விஷயம். அவர் ஏழாவது முறை ஜெயித்து ஓய்வு பெற்று ஒரு மாதம் கழித்துத்தான் செய்தி வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். யுசிஐ நியமித்த விசாரணை, தவறு ஆய்வகத்தின் மேலும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் மேலும்தான் என்று 2006இல் முடித்தது. அப்புறம், ஆம்ஸ்ட்ராங் மருந்து எடுத்ததாக அவருடைய முன்னாள் அணித் தோழர் ஃபிளாய்ட் லாண்டிஸ் எழுதிய மின்னஞ்சல்களை 2010இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்டது. அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அணித் தோழர்கள் 11 பேரின் சாட்சியத்தோடு அறிக்கை கொடுத்தது. 2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயின் எதிரே உட்கார்ந்து ஆம்ஸ்ட்ராங் ஒத்துக்கொண்டார். எம்மா மேல் வழக்குப் போட்டீர்களா என்று கேட்டபோது, இவ்வளவு பேர் மேல் போட்டோம், ஞாபகமில்லை என்கிற மாதிரிதான் பதில்.

தொலைக்காட்சியின் பாடு இன்னும் சிக்கல், அது உரிமைக்குப் பணம் கட்டுகிறது. 2007இல் ஒரு ஜெர்மன் வீரர் சோதனையில் சிக்கியதும் ஜெர்மனியின் ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். இரண்டும் டூர் ஒளிபரப்பைப் பாதியில் நிறுத்தின. காட்டாமல் இருப்பது துணிச்சலா, கடமையை விட்டுப் போவதா என்று அங்கே பெரிய விவாதம். என் கட்சி, ஒளிபரப்பிக்கொண்டே கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்பது.

அதே 2007இல் மஞ்சள் சட்டையில் இருந்த டென்மார்க்கின் மிக்கேல் ராஸ்முசன் மாட்டிய விதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஜூன் மாதம் எங்கே இருந்தார் என்று சோதனைக்காரர்கள் தேடியபோது, மெக்சிகோவில் இருந்ததாகச் சொல்லியிருந்தார். இத்தாலியத் தொலைக்காட்சியின் வர்ணனையாளரும் முன்னாள் வீரருமான தாவிதே கசானி, இந்த மனிதர் எவ்வளவு உழைப்பாளி தெரியுமா, ஜூனில் தொலோமைட் மலையில் தனியாகப் பயிற்சி செய்ததை நானே பார்த்தேன் என்று பாராட்டாகச் சொல்லிவிட்டார். டென்மார்க் நிருபர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஓபிஸ்க் மலைக் கட்டத்தை ஜெயித்த அன்றிரவே அவருடைய அணி அவரை வீட்டுக்கு அனுப்பியது. புலனாய்வு எதுவும் இல்லை, ஒரு வாய்தவறிய புகழ்ச்சிதான்.

ஆம்ஸ்ட்ராங்குக்குப் பிறகு ஊசல் மறுபக்கம் போனது. பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் ஃப்ரூம் 2017 வுவெல்டாவில் ஓடியபோது அவரது சிறுநீரில் ஆஸ்துமா மருந்தான சால்பூட்டமால் அனுமதித்ததைப்போல இரண்டு மடங்கு இருந்தது. விதிப்படி, அந்த வகை மருந்தில் விசாரணை முடியும்வரை பெயரை வெளியிடத் தேவையில்லை. டிசம்பரில் கார்டியனும் லெ மோந்தும் வெளியிட்டுவிட்டன. அடுத்த ஏழு மாதம் அவர் எங்கே போனாலும் இதே கேள்வி, சாலையோரத்தில் ஏச்சு. 2018 ஜூலையில் டூர் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, விதிமீறல் இல்லை என்று வழக்கு மூடப்பட்டது. வெளியிட்டது சரியா? சரி என்றுதான் நினைக்கிறேன். ரகசியம் இந்த விளையாட்டுக்கு எவ்வளவு கெடுதல் செய்திருக்கிறது என்பதைப் பார்த்த பிறகு வேறு எப்படி நினைப்பது? ஆனால் குற்றச்சாட்டைப் படித்தவர்களில் பாதிப் பேராவது முடிவைப் படித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

இத்தாலியில் இதன் கொடூரமான வடிவத்தைப் பார்த்திருக்கிறார்கள். 1999 ஜீரோவில் இளஞ்சிவப்புச் சட்டையோடு முன்னணியில் இருந்த மார்கோ பந்தானியின் ரத்தத்தில் சிவப்பணு 52 சதவீதம் இருந்ததால், பந்தயம் முடிய இரண்டு நாள் இருக்கையில் விலக்கினார்கள். முந்தைய நாள் வரை கடவுளாக்கிய அதே பக்கங்கள் அவரைக் கள்ளனாக்கின. 2004 பிப்ரவரி 14 அன்று ரிமினியில் ஓர் ஓட்டல் அறையில் கொக்கெய்ன் அதிகமாகி இறந்துகிடந்தார். மறுபடியும் கடவுள் ஆக்கினார்கள்.

இப்போது ஒவ்வொரு மஞ்சள் சட்டைக்காரரிடமும் பத்திரிகையாளர் சந்திப்பில் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. நீங்கள் சுத்தமா? ஆமாம். அடுத்த கேள்வி. ஒரு சடங்கு போல ஆகிவிட்டது, அதனால் யாருக்கும் ஒரு தகவலும் கிடைப்பதில்லை. பயனுள்ள வேலை வேறு இடத்தில் நடக்கிறது. 2024 டூரின்போது, சில பெரிய அணிகள் உயரமான இடப் பயிற்சியின் பலனை அளக்கக் கார்பன் மோனாக்சைடு வாயுவைச் சுவாசிக்கும் கருவியைப் பயன்படுத்துகின்றன என்று எஸ்கேப் கலெக்டிவ் என்ற சந்தாதாரர் தளம் எழுதியது. அப்போது அது விதிமீறலே இல்லை. அளக்கப் பயன்படும் கருவியைத் தவறாகவும் பயன்படுத்தலாமே என்ற கேள்விதான் செய்தி. 2025 தொடக்கத்தில் மருத்துவ மேற்பார்வைக்கு வெளியே அதைப் பயன்படுத்த யுசிஐ தடை போட்டது. விளம்பரத்தையும் அணிகளின் தயவையும் நம்பாத ஒரு சிறிய செய்தி அறையால் இது முடிந்தது என்பது தற்செயல் என்று தோன்றவில்லை.

வர்ணனை அறைகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. 2013இல், 1998இன் மாதிரிகள் பற்றிய பிரெஞ்சு செனட் விசாரணையில் முன்னாள் வீரர் லோரோன் ஜலாபேரின் பெயர் அடிபட்டபோது அவர் பிரான்ஸ் தொலைக்காட்சியின் டூர் வர்ணனையாளர். அந்த ஆண்டு மட்டும் ஒதுங்கினார், மறு ஆண்டு மைக் திரும்பக் கிடைத்தது. ஃபெஸ்டினா விவகாரத்தில் இரண்டு வருஷம் மறுத்துவிட்டு 2000இல் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்ட அந்த அணியின் வீரர் ரிச்சர்ட் விராங்க், ஓய்வுக்குப் பின் யூரோஸ்போர்ட்டில் வர்ணனை செய்தார். ஆம்ஸ்ட்ராங் 2017 முதல் ஒவ்வொரு ஜூலையிலும் டூரை அலசும் பாட்காஸ்ட் நடத்துகிறார். விளம்பரதாரர்கள் இருக்கிறார்கள், கேட்கிறவர்களும் ஏராளம். பந்தயத்தின் நுணுக்கத்தை அவரைப்போல விளக்க அதிகம் பேர் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.